மூடுமுன் இரண்டு தட்டு

கதவுக்காரி வீடு எது என்று கேட்டால் அந்த நான்கு தெருவிலும் யாரும் காட்டிவிடுவார்கள். அவள் கதவு செய்தவளும் இல்லை, விற்றவளும் இல்லை. கார் தொழிற்சாலையில் பதினாறு வருடம் கதவு பொருத்தினாள். தலைக்கு மேலே தொங்கியபடி வரும் கதவை இறக்கி, கீலில் உட்காரவைத்து, போல்ட்டை முடுக்கி, சுற்றிலும் இடைவெளி ஒரே சீராக இருக்கிறதா என்று பார்த்து, ஒருமுறை மூடித் திறந்து, அடுத்த வண்டிக்கு நகர வேண்டும். ஒரு கதவுக்கு எழுபது வினாடி. இடைவெளியை அளக்க ஒரு தகடு கொடுத்திருந்தார்கள். தகட்டை எடுப்பதற்குள் அவள் ஆள்காட்டி விரல் மேலிருந்து கீழ்வரை ஓடி முடித்திருக்கும். தகடு ஒன்றும் விரல் ஒன்றுமாகச் சொன்னதாகச் சரித்திரம் இல்லை.

பதினோரு வருடத்துக்கு முன்னால் தொழிற்சாலை கடல் தாண்டிப் போனது. அங்கே கூலி குறைவு. செய்த வண்டியை இங்கே கொண்டுவந்து இறக்க வரியும் பெரிதாக இல்லை. இயந்திரங்களைக் கழற்றிப் பெட்டிகளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதன்பிறகு அவள் ஆஸ்பத்திரியின் துணி அறையில் படுக்கை விரிப்புகளை மடித்தாள். நான்கு மூலையும் மயிரிழை பிசகாமல் ஒன்றின்மேல் ஒன்று உட்காரும்.

"படுக்கறவங்க இதையெல்லாமா பாக்கப்போறாங்க?" என்று மேற்பார்வை பார்த்த அம்மாள் சொல்லிப் பார்த்தாள். கை கேட்கவில்லை.

இந்த வருடம் காற்று திரும்பியது. வெளியிலிருந்து வந்து இறங்கும் ஒவ்வொரு வண்டிக்கும் அரசாங்கம் வரியைத் தூக்கி வைத்தது. கம்பெனிக்குத் திடீரென்று பழைய ஊர் ஞாபகம் வந்துவிட்டது. தொழிற்சாலையின் வெளிச்சுவரில், செடி முளைத்து வெடித்திருந்த இடத்தை மறைத்து, 'வீடு திரும்புகிறோம்' என்று நீளமாக ஒரு பலகை கட்டினார்கள்.

"கோவிச்சுக்கிட்டுப் போன மாப்பிள்ளை மாதிரியில்ல வர்றாங்க," என்றாள் நாத்தனார். மாடியில் குடியிருக்கிறவள், அதே தொழிற்சாலையில் சீட்டுக்கு உறை தைத்தவள். இப்போது வீட்டிலேயே மெஷின் போட்டுத் துணி தைக்கிறாள். "சீட்டும் திரும்புதா அண்ணி?"

"சீட்டு வேற எங்கேயோ தச்சே வந்துடுமாம். கதவும் மேல்கூடும்தான் இங்க."

"அதானே. நீங்க எதைக் கழட்டிக் குடுத்துட்டு வந்தீங்களோ, அதை மட்டும் திருப்பித் தர்றாங்க."

கதவுக்காரி ஈரத்துணியை உதறிக் கொடியில் போட்டாள். பதினோரு வருடமாகக் கேட்கிற பேச்சு. செருப்புக்குள் இருக்கும் ஆணியைப்போல, எந்த இடத்தில் அழுத்தாமல் நடக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

தொழிற்சாலையில் மறுபடி சேர வேண்டுமென்று அவளுக்கு ஆசை. ஆசை என்பதைவிடக் கொஞ்சம் கூடுதல். ஐம்பது வயது தாண்டினால் எடுக்க மாட்டார்கள். அவளுக்கு ஐம்பது முடிய ஐந்து மாதம் இருந்தது. இந்தத் தடவை விட்டால் இனி விரிப்புதான்.

கணவனிடம் சொன்னபோது அவன் காலைச் சாப்பாட்டில் இருந்தான். நிமிரவில்லை.

"வரி இறங்கினா மறுபடியும் மூட்டையைக் கட்டுவான்."

"இறங்கற வரைக்கும் இருக்கட்டுமே."

"உனக்கு அங்க என்னதான் இருக்கு?"

"கதவு," என்றாள்.

அவன் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் பள்ளிக்கூட வேனின் சாவியை எடுத்துக்கொண்டு போனான். வேண்டாம் என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

தொழிற்சாலையில் அவனுக்கு உள்ளாள் என்று பெயர். வண்டிக்குள் குந்தி உட்கார்ந்து தரைவிரிப்புக்கு அடியில் ஒயர் பதிப்பது அவன் வேலை. வெளியே நிற்பவர்களுக்கு முதுகு மட்டும் தெரியும். எழுந்திருக்கும்போது பிடிமானத்துக்கு, முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவே இருக்கும் தூணை இடது கையால் வளைத்துப் பிடிப்பான். அவள் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம், அந்தக் கை அங்கே இருப்பது தெரியாமல் முன்கதவை மூடிவிட்டாள்.

மோதிர விரல். நகம் விழுந்து, திரும்ப முளைத்தபோது கோணலாகவே முளைத்தது. முதலுதவி அறை வாசலில் அவள் அழுதுகொண்டு நின்றாள். அவன் கட்டுப் போட்ட விரலைத் தூக்கிப் பிடித்தபடி, வகுப்பில் பதில் தெரிந்தவனைப்போல, வெளியே வந்தான்.

"அழாதீங்க, விரல் இருக்கு. இனிமே தட்டிட்டு மூடுங்க. அடுத்தவங்க வீட்டுக்குள்ள போறதுன்னா தட்டிட்டுத்தானே போவோம்."

மறுநாளிலிருந்து, மூடுவதற்கு முன் கதவின் மேல்விளிம்பில் விரல்முட்டியால் இரண்டு தட்டு. டொக் டொக். உள்ளே கை விலகும். கொஞ்ச நாளில் அவன் உள்ளிருந்து பதிலுக்கு ஒரு தட்டு தட்ட ஆரம்பித்தான். கை எடுத்தாச்சு, மூடலாம் என்று அர்த்தம். வரிசையில் நின்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டு இருக்கவில்லை.

"தந்தி அடிக்கறாங்கப்பா," என்றார்கள். "என்ன சேதின்னுதான் தெரியலை."

சேதி அடுத்த வருடம் எல்லாருக்கும் தெரிந்தது. கல்யாணத்துக்கு வரிசையே வந்தது.

வேலை வெளியே போகிறது என்று ஆனபோது, அங்கே இருப்பவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் கேட்டார்கள். யாரும் போகக்கூடாது என்று சங்கத்தில் பேசி முடித்திருந்தார்கள். அவள் பொருத்திய கதவுகளில் சரியில்லை என்று திரும்பி வந்தவை மிகக் குறைவு; ஆகவே அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். 'உங்க கைதான் வேணும்' என்று அதிகாரி சொன்னார். பதினாறு வருடத்தில் அவளிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. நல்லதா கெட்டதா என்று யோசிப்பதற்கு முன்னால் தலை ஆடிவிட்டது.

அவள் கிளம்பிய அன்று அவன் தொழிற்சாலைக் கேட்டுக்கு வெளியே மற்றவர்களோடு தரையில் உட்கார்ந்திருந்தான். கம்பெனி பஸ் அவளை ஏற்றிக்கொண்டு வெளியே வந்தது. எல்லாரும் நகர மறுத்து உட்கார்ந்திருக்க, அவன் மட்டும் நீட்டியிருந்த காலைப் பஸ்ஸுக்கு வழிவிட்டு மடக்கிக்கொண்டான். கூச்சல் போட்டிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.

மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தாள். தொழிற்சாலையில் தரையில் போட்டிருந்த மஞ்சள் கோடுகள் மட்டும் மிச்சம். அவன் வேன் ஓட்டப் போயிருந்தான். வந்த வாரத்தில் ஒருநாள் அவன் வேனில் ஏறி உட்கார்ந்திருந்தான். அவள் அவனுடைய சாப்பாட்டுப் பையைக் கொடுத்தாள். கதவின்மேல் கை தன்பாட்டில் போய் இரண்டு தட்டுத் தட்டியது.

"அதையும் அங்கேயே குடுத்துட்டு வந்திருக்கலாமே," என்றான் அவன்.

அதற்குப் பிறகு அவள் தட்டுவதில்லை. பேச்சு மெதுவாகத் திரும்பியது. தண்ணி வந்துச்சா, பால் வாங்கணுமா, முதுகு தேய்ச்சு விடு என்ற அளவில் தொடங்கி முழுதாகவே வந்துவிட்டது. தொழிற்சாலையைப் பற்றி மட்டும் வரவில்லை. அந்தச் சாலை வழியாகப் போனால் பள்ளிக்கூடம் பத்து நிமிடம் கிட்டம். அவன் சுற்றிக்கொண்டுதான் போவான்.

பயிற்சி ஆறு வாரம். அவளையும் சேர்த்து இருபத்துநான்கு பேரை எடுத்திருந்தார்கள். கடைசி வெள்ளிக்கிழமை சோதனை வைத்துப் பதினெட்டுப் பேரை வைத்துக்கொள்வார்கள். பழைய கூடத்துக்குப் புது வெள்ளை அடித்திருந்தது. கதவைத் தூக்கி மாட்ட இயந்திரக் கை வந்துவிட்டது. முடுக்குவதும் பார்ப்பதும் மூடுவதும்தான் மனிதருக்கு மிச்சம். வண்டிக்குள் ஒயர் பதிப்பது வேறு கூடத்துக்குப் போயிருந்தது. கதவு மூடும்போது உள்ளே யாரும் இருப்பதில்லை.

சொல்லிக்கொடுக்க, கடல் தாண்டிய தொழிற்சாலையிலிருந்து ஒருத்தி வந்திருந்தாள். பிரிவு மேலாளர் அவளை அழைத்து வந்து நிறுத்தினார். முன்நெற்றியில் ஒரு கற்றை நரைத்திருந்தது. ஆனாலும் நிற்கிற விதத்தில், எடையை ஒரு காலில் போட்டு, இடுப்பில் கை வைத்து நின்ற விதத்தில், கதவுக்காரிக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. தான் அங்கே போய்ச் சொல்லிக்கொடுத்த பதினைந்து பேரில் மிகவும் மந்தமாகக் கற்று, ஒருமுறை கற்றதை மறக்காதவள். மூன்று மாதத்தில் இவள் மொழியில் இருபது வார்த்தை பிடித்துவைத்திருந்தாள். மெதுவா. தள்ளு. இன்னும். போதும். அக்கா. பெரும்பாலும் கதவைச் சுற்றிய வார்த்தைகள், அக்கா உட்பட.

அன்றைக்கு எல்லார் முன்னாலும் இருவரும் தலையை மட்டும் அசைத்துக்கொண்டார்கள். மதிய இடைவேளையில் பயிற்சிக்காரி கைகழுவும் இடத்தில் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா. சாப்டியா?"

"சாப்டேன்," என்றாள் இவள். தண்ணீர்க் குழாயை மூட மறந்து நின்றாள்.

மீதியை ஃபோன் மொழிபெயர்த்தது. தூக்கக் கலக்கத்தில் பேசுவதுபோல ஒரு குரல். யாராக இருந்தாலும் 'தாங்கள்' என்றது. 'தாங்கள் மெலிந்துவிட்டீர்கள்' என்றது. "அது பொய்," என்று இவள் இடுப்பைத் தட்டிக் காட்டினாள். சிரிப்புக்கு ஃபோன் தேவைப்படவில்லை.

மறுநாள் எல்லாருக்கும் ஒரு தாள் கொடுத்தார்கள். கதவு வேலை, பத்தொன்பது படிகள். கீல், போல்ட், இடைவெளி, விளிம்பைச் சுற்றிய ரப்பர் என்று ஒவ்வொன்றும் வரிசையாக. படித்துக்கொண்டே வந்தவள் பதினான்காவதில் நின்றாள்.

'மூடுமுன், கதவின் மேல்விளிம்பில் விரல்முட்டியால் இரண்டு முறை தட்டவும். காரணம்: ரப்பர் சரியாக அமர்ந்திருப்பதை உறுதிசெய்ய.'

மறுபடி படித்தாள். பக்கவாட்டில் ஒரு படம்கூட இருந்தது. மடக்கிய கை, இரண்டு வளைகோடு.

அங்கே போய்ச் சொல்லிக்கொடுத்தபோது அவள் எதையும் விளக்கிச் சொன்னதில்லை. மொழி எங்கே இருந்தது? செய்து காட்டினாள். அவர்கள் பார்த்தார்கள். பார்த்ததில் ஒன்றையும் விடாமல் எழுதிவைத்திருக்கிறார்கள்.

பிற்பகலில் கூடம் முழுக்க டொக் டொக் என்று கேட்டது. இருபத்துமூன்று பேர் தட்டினார்கள். லாரி ஓட்டிய ஒருவன் கதவே நசுங்கும்படி தட்டினான். பேக்கரியில் இருந்து வந்த பெண் எண்ணிக்கொண்டே தட்டினாள். தன்னுடைய உள்பாவாடையைத் தெருக்கொடியில் காயப்போட்டிருப்பதைப் பார்த்ததுபோல இருந்தது கதவுக்காரிக்கு. அவளுடைய முறை வந்தது. இடைவெளி பார்த்தாள், ரப்பரைத் தடவினாள், கை விளிம்புக்குப் போயிற்று. அங்கே நின்றது. பிறகு இறங்கிக் கதவை மூடியது.

"மேடம், பதினாலு விட்டுப்போச்சு," என்றார் பிரிவு மேலாளர். கையில் பலகை போன்ற கருவி. ஒவ்வொரு படிக்கும் ஒரு தொடு.

"மறந்துட்டேன் சார்."

மறக்கவில்லை. அடுத்த நாளும் அதே இடத்தில் கை நின்றது. அதற்கடுத்த வாரமும். தட்டு, தட்டு என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வாள். கை, திட்டு வாங்கிய குழந்தையைப்போல வாசலோடு நின்றுவிடும். மற்றப் பதினெட்டுப் படியிலும் அவளை அடிக்க அந்தக் கூடத்தில் ஆள் இல்லை. அதுவே மேலாளரைக் குழப்பியது.

"நீங்க பழைய ஆள்னு எனக்குத் தெரியும். மத்தவங்களைவிட நல்லாவே செய்றீங்க. ஆனா சோதனையில ஒரு படி விட்டாலும் வெளியதான். நான் வச்ச சட்டம் இல்லை மேடம்."

"அந்தப் படி வேணுமா சார்?" என்று கேட்டுவிட்டாள்.

அவர் பயிற்சிக்காரியைப் பார்த்தார். பயிற்சிக்காரி ஃபோனைக் காதருகே வைத்து அது மொழிபெயர்த்ததைக் கேட்டாள். கேட்டுவிட்டு, தாளைப் பார்க்காமல் கதவுக்காரியைப் பார்த்தாள்.

"வேணும்," என்றாள். அவளுடைய இருபது வார்த்தையில் அது ஒன்று.

சோதனைக்கு முந்தின நாள் சாயங்காலம். பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து உள்ளாள் வேனைப் பெருக்கிக்கொண்டிருந்தான். அன்றைய வருமானம் இரண்டு பென்சில், ஒரு ஒற்றைக் காலுறை, பாதி தின்ற ஆப்பிள். அவள் வேனின் படியில் வந்து உட்கார்ந்தாள்.

"நாளைக்குத் தேறமாட்டேன்."

"கை நடுங்குதா?"

"இல்லை."

"கண்ணு மங்குதா?"

"கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"பின்ன என்ன கேடு?"

அவள் தாளை நீட்டி விரலால் இடத்தைக் காட்டினாள். கண்ணாடி வீட்டுக்குள் இருந்ததால் அவன் தாளைக் கை எட்டும் தூரத்தில் பிடித்துப் படித்தான். பிறகு கிட்டத்தில் கொண்டுவந்து படித்தான். படத்தைப் பார்த்தான்.

"யார் எழுதினது?"

"அவதான். அங்க நான் செஞ்சதைப் பாத்து."

"ரப்பருக்கும் தட்டறதுக்கும் என்ன சம்பந்தம்?"

"ஒரு சம்பந்தமும் இல்லை."

அவன் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு ஒரு குட்டி சீட்டில், முழங்கால் மோவாயில் இடிக்க, உட்கார்ந்தான். படத்தின்மேல் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தான். இதைக் காட்டியிருக்க வேண்டாமோ என்று அவளுக்குத் தோன்றியது.

"அங்க இதுவரைக்கும் எத்தனை வண்டி பண்ணியிருப்பாங்க?"

"பத்து லட்சமாவது வண்டி போன வருஷம் வந்துச்சாம். ஃபோட்டோ காட்டினா."

"வண்டிக்கு நாலு கதவு."

"நாப்பது லட்சம்."

"கதவுக்கு ரெண்டு தட்டு."

"எம்பது லட்சம்."

அவன் இடது கையைத் தூக்கி மோதிர விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இந்த ஒரு நகத்துக்கா?" என்றான்.

முதலில் தோள் குலுங்கியது. பிறகு வயிறு. வேனே லேசாக ஆடியது. மாடி ஜன்னலில் தையல் மெஷின் நின்று நாத்தனாரின் தலை தெரிந்தது.

"அண்ணனுக்கு என்ன ஆச்சு அண்ணி?"

"அவரையே கேளு."

"ஒண்ணுமில்லை போ," என்றான் அவன், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "கடலுக்கு அந்தப் பக்கத்துல எம்பது லட்சம் தடவை என்னைக் கையை எடுக்கச் சொல்லியிருக்காங்க. எனக்குத்தான் கேக்கலை."

"சாயங்காலத்துலேயே ரெண்டு பேருக்கும் முத்திப்போச்சு," என்றுவிட்டுத் தலை உள்ளே போயிற்று. மெஷின் மறுபடி ஓடியது.

சிரிப்பு அடங்கியபின் அவன் தாளை அதன் மடிப்பிலேயே மடித்தான்.

"நான்தானே நிறுத்தச் சொன்னேன்."

"ஆமா."

"சொல்லியிருக்கக் கூடாது," என்றான்.

அவள் பாதி ஆப்பிளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதை எங்கே போடுவது என்று இருவருக்குமே தெரியாததுபோல இருந்தது.

காலையில் அவன் அவளைத் தொழிற்சாலைக் கேட்டிலேயே கொண்டுபோய் இறக்கினான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எட்டுப் பேர் பின்னால் இருந்தார்கள். "மாமா, வழி தப்பிட்டீங்க," என்றது ஒன்று. "இல்லை, இதுதான் கிட்டம்," என்றான் அவன்.

சோதனைக்கு ஆளுக்கு ஐந்து கதவு. முதல் கதவில் இடைவெளி பார்த்தாள். மேலே சரியாக இருந்தது. கீழே விரல் சற்று இறுகியது. போல்ட்டைத் தளர்த்தி மறுபடி முடுக்கினாள். ரப்பரைத் தடவினாள். கை விளிம்புக்குப் போயிற்று. நின்றது. மேலாளர் கருவியில் விரலை வைத்துக் காத்திருந்தார். ஜன்னல் கண்ணாடி இன்னும் போடாத அந்தக் கதவின் வழியே வண்டியின் உள்ளே தெரிந்தது. சீட்டு இல்லை, விரிப்பு இல்லை, வெறும் தகரத் தரை. உள்ளே முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவன் குந்தியிருக்கலாம். அவனுக்கு இப்போது தலை வழுக்கை, கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருப்பான்.

டொக் டொக்.

மேலாளரின் விரல் கருவியைத் தொட்டது. அவள் ஒரு வினாடி நின்றாள். பிறகு மூடினாள். மற்ற நான்கும் அப்படியே.

பதினெட்டுப் பேரின் பட்டியலில் மூன்றாவதாக இருந்தாள். பேக்கரிப் பெண் இருந்தாள். லாரிக்காரன் இல்லை, அவன் எல்லாரிடமும் சொல்லிவிட்டுத்தான் போனான்.

ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக்காரிக்கு விமானம். வேலை முடிந்ததும் கம்பெனி அவளைச் சுருக்கமாகவே அனுப்பியது. டாக்ஸிக் கட்டணத்துக்கு ஒரு சீட்டு, நினைவுப்பரிசாக அட்டைப்பெட்டியில் ஒரு கோப்பை. கதவுக்காரி வீட்டில் வந்து சொன்னாள்.

"நம்ம வேன்ல கொண்டுபோய் விடலாமா?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "பிள்ளைங்க வேன். சீட்டெல்லாம் பிஸ்கட் தூளா இருக்கும்னு சொல்லிடு."

முன்னால் அவன் பக்கத்தில் பயிற்சிக்காரி உட்கார்ந்தாள், நடுவில் ஃபோன். பின்னால் குட்டி சீட்டில் கதவுக்காரி, காலடியில் பெட்டி. அவன் சாலையைப் பார்த்து ஓட்டினான். வணக்கம் என்றதைத் தவிர அவளிடம் ஒன்றும் பேசவில்லை.

கதவுக்காரிதான் கேட்டாள். "ரப்பர்னு ஏன் எழுதினே?"

பயிற்சிக்காரி நெடுநேரம் பேசினாள். ஃபோன் துண்டு துண்டாகச் சொன்னது. 'ஒவ்வொரு படிக்கும் காரணம் கேட்டார்கள். காரணம் இல்லையென்றால் நீக்கிவிடுவார்கள். தாங்கள் தட்டிவிட்டு ஒரு வினாடி நிற்பீர்கள். யாரோ பதில் சொல்வதைக் கேட்பதுபோல. உள்ளே யாரும் இல்லை. ஆகவே இது தங்களுடைய யாருக்கோ உரியது என்று புரிந்தது. அதை எழுத முடியாது. ரப்பர் என்று எழுதினேன்.'

சற்று நிறுத்தி மறுபடி சொன்னது. 'நிற்பதை எழுதவில்லை. ஒரு வினாடி அதிகம். விட்டிருக்க மாட்டார்கள்.'

வேன் ஒரு சிக்னலில் நின்றது. பச்சை விழுந்தும் அவன் நகரவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

பிறகு பயிற்சிக்காரி தன் ஊரைப் பற்றிச் சொன்னாள். மூன்று வரிசையில் இரண்டு இன்னும் இரண்டு மாதத்தில் நிற்கும். கதவு வரிசை அதில் ஒன்று. அவளுடைய தங்கையும் அதில்தான். இங்கே வந்து சொல்லிக்கொடுக்காதே என்று தங்கை சொன்னாள், இவள் வந்துவிட்டாள். ஆறு வாரமாகத் தங்கை ஃபோனை எடுக்கவில்லை. இதைச் சொல்லும்போது அவள் குரல் மாறவில்லை. ஃபோனின் குரலும் மாறவில்லை. கதவுக்காரி முன்னால் கையை நீட்டி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். அது எப்படி இருக்கும் என்று அவளுக்குத்தான் தெரியும்.

"அவகிட்ட சொல்லு," என்றான் உள்ளாள், சாலையைப் பார்த்தபடி. "தங்கச்சி பேசும். நாளாகும். மண்டைக்கனம் பிடிச்ச கழுதைங்களுக்கு மெதுவாத்தான் இறங்கும்."

"நீங்களே சொல்லுங்க. ஃபோன் உங்க பக்கம்தானே இருக்கு."

அவன் குனிந்து ஃபோனிடம், பொதுக்கூட்டத்தில் பேசுவதுபோல, சொன்னான். அது எப்படி மாற்றிச் சொல்லியதோ, பயிற்சிக்காரி தன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு அவனைப் பார்த்தாள். பதினோரு வருடத்துக்கு முன்னால் அக்கா தட்டிவிட்டு நின்றது யாருக்காக என்று அவளுக்கு அப்போது தெரிந்திருக்க வேண்டும்.

விமான நிலையத்தில் நிறுத்த இரண்டு நிமிடம்தான். கதவுக்காரி பின்னால் இருந்து இறங்கினாள். அவன் சுற்றி வந்து பெட்டியை எடுக்க உள்ளே ஏறினான். பெட்டி குட்டி சீட்டுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. வலது கையால் அதை இழுத்துக்கொண்டு, பிடிமானத்துக்கு இடது கையால் நடுத்தூணை வளைத்துப் பிடித்தான்.

பயிற்சிக்காரி முன்பக்கம் இறங்கி நின்றாள். ஒரு கையில் கோப்பைப் பெட்டி. மறுகை முன்கதவில். கதவுக்காரி வாயைத் திறந்தாள். அதற்குள் அந்தக் கை மடங்கி விளிம்புக்குப் போயிருந்தது.

டொக் டொக்.

தூணில் இருந்த விரல்கள் விலகின. அவன் முதுகைக் காட்டிக்கொண்டுதான் இருந்தான். பெட்டியோடு போராடிக்கொண்டுதான் இருந்தான். கை மட்டும் தனக்குச் சொல்லப்பட்டதைக் கேட்டு விலகிக்கொண்டது.

பயிற்சிக்காரி மூடவில்லை. எழுதாமல் விட்ட அந்த ஒரு வினாடி அவளும் நின்றாள்.

உள்ளிருந்து ஒரு தட்டு வந்தது.

அவள் கதவை மூடினாள்.